தவழ்வோருக்கு ஒரு கலைக்கூடம்

ஐரோப்பாவில் பிறக்கும் ஒரு குழந்தையின் சட்டைக்காகத் திருப்பூர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. பட்டன் கையோடு வந்துவிடுமா என்று இழுத்துச் சோதிக்கிறார்கள். ஒடிந்த ஊசிமுனை தையலுக்குள் தங்கியிருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டர் பார்க்கிறது. கழுத்துப் பக்கம் நாடா வைக்கக் கூடாது. ஓக்கோ-டெக்ஸ் 100 சான்றின் முதல் வகுப்பு மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கானது. சாயம் எச்சில் பட்டுக் கரைகிறதா என்றுகூட அதில் சோதனை உண்டு. குழந்தை எதையும் வாயில் வைக்கும் என்பது இங்குள்ள செக்கிங் மேசைகளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த மேசையருகே நிற்கும் பெண்ணின் குழந்தை பகல் முழுதும் எங்கே இருக்கிறது?

30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு 1976இல் வந்த திருத்தமே சொல்லிவிட்டது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், 50 பேர் வேலை செய்யும் நிறுவனம் எதுவானாலும் காப்பகம் கட்டாயம் என்றது; தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்றும் சேர்த்தது. ஆக, அறை ஒன்று இருந்தே தீர வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் கலைக்கு வேலை இருக்கிறது. காப்பகம் என்றதும் நான்கு தொட்டில்களும் சுவரில் கார்ட்டூன் படங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தப் படங்கள் பெரியவர்களின் கண்மட்டத்தில் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் தூரத்துக்குச் சற்று மேல்வரைதான் தெளிவாகத் தெரியும். ஆறு மாதத்தில் பார்வை கூடிவிட்டாலும், அது உலகை அறிவது கையாலும் வாயாலும் முழங்காலாலும்தான்.

இதை ஒரு துணிக்கலைஞருக்கு உணர்த்தியவர்கள் குழந்தைகள். ஜப்பானைச் சேர்ந்த டோஷிகோ ஹோரியுச்சி மெக்ஆடம், கையால் பின்னிய பெரிய வலைச் சிற்பங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார். வந்த இரண்டு குழந்தைகள் அதில் ஏறி ஆடலாமா என்று கேட்டார்கள். அவர் தயக்கத்தோடு சம்மதித்தார். ஏறியதும் வலை அசைந்தது, தொய்ந்தது, உயிர்பெற்றது. அதன் பிறகு குழந்தைகள் ஏறி விளையாடும் பின்னல் வெளிகளைப் படைப்பதே அவருடைய வாழ்க்கைப் பணியானது. ஹகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 2009இல் எழுந்த மரக்கூடத்துக்குள் அவர் பின்னிய வலை வண்ணவண்ணமாகத் தொங்குகிறது. பிரேசில் கலைஞர் எர்னெஸ்டோ நெட்டோ, இழுபடும் மெல்லிய துணியில் மஞ்சளும் கிராம்பும் சீரகமும் நிரப்பிக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். அவருடைய படைப்புக்குள் போகிறவர்கள் அதை மூக்காலும் அறிகிறார்கள்.

இவை இரண்டுக்குமான மூலப்பொருள் திருப்பூரில் மலையாகக் கிடக்கிறது. வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து துணி குழாய் வடிவில்தான் இறங்குகிறது. 30 அங்குல விட்டமுள்ள எந்திரத்தின் குழாய்த்துணியை வெட்டி விரிக்காமல், வளையம் கோத்து நிறுத்தினால், ஒரு குழந்தை தாராளமாகத் தவழ்ந்து போகும் சுரங்கம் தயார். சிங்கிள் ஜெர்சிப் பின்னல் வழுவழுக்கும். ரிப் பின்னல் கன்னத்தில் வரிவரியாக உரசும். பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வெயில்படும் ஜன்னலில் வெள்ளைத் துணியைக் கட்டினால் அறைக்குள் நிழல் ஆடும். பட்டனால் மாட்டிய துணியைக் கழற்றித் துவைத்து மறுநாள் மாட்டலாம். வலைக்கண்ணில் விரல் சிக்கக் கூடாது, தொங்கும் நாடா கழுத்தில் சுற்றக் கூடாது என்ற எச்சரிக்கை ஏற்றுமதி வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிய பாடம்தான். புரொஜெக்டரும் ஒளித்திரையும் இங்கே வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியிருக்கிறது.

தாய்க்கும் அந்த அறையில் இடம் வேண்டும். பவர் டேபிளில் குனிந்தே இருந்த முதுகு சாய்வதற்குத் தரைமட்டத்தில் ஒரு மெத்தைச் சுவர், பால் கொடுக்க ஒரு மறைவு, குழந்தையோடு சேர்ந்து அவளும் படுத்து அண்ணாந்து பார்க்க ஒரு துணிக்கூரை. நாள்முழுதும் குழந்தைகளைத் தூக்கி இறக்கும் ஆயாவின் இடுப்பையும் அளவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பகம் நடப்பதே பாடாக இருக்கும்போது கலை எதற்கு என்று கேட்பார்கள். சுத்தமான தண்ணீரும் பயிற்சி பெற்ற ஆயாவும் முதலில் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் குழந்தை அந்த அறையில் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் எதையோ தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டேதான் இருக்கிறது. அது தொடுவது வெறும் சிமெண்டுத் தரையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

ஏற்றுமதியாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் இந்த இதழின் வேண்டுகோள் இது: அடுத்த காப்பகத்துக்குப் பெயிண்ட் வாங்குமுன், ஒரு பேட்டர்ன் மாஸ்டரையும் ஒரு சிற்பியையும் கைக்குழந்தையோடு ஒரு டெய்லரையும் அந்த அறையின் தரையில் உட்கார வைத்துப் பேசுங்கள்.