அந்த ஊசியைப் பெயர் சொல்லித் தடை செய்யுங்கள்

தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்:

"பையனுக்கு ஹார்மோன் குறைச்சலா இருக்குமோ டாக்டர்? ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?" மகன் தன்பால் ஈர்ப்புள்ளவன் என்று தெரியவந்த பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பயத்தில் கேட்கிறார்கள், குற்றமில்லை. உடனே சீட்டு எழுதித் தரும் மருத்துவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

ஹார்மோன் கொடுத்து ஈர்ப்பை மாற்றும் முயற்சியை உலகம் எப்போதோ செய்து பார்த்துவிட்டது. 1944-இல் அமெரிக்காவில் கிளாஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் தன்பால் ஈர்ப்புள்ள 11 ஆண்களுக்கு ஆண் ஹார்மோன் சிகிச்சை அளித்ததைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோருக்கு நினைத்த பலன் கிட்டவில்லை; சிலருக்கு இருந்த ஈர்ப்பே இன்னும் வலுத்தது. எட்டு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் நேர் எதிர் மருந்து. 1952-இல் தன்பால் உறவுக்காகக் குற்றவாளியாக்கப்பட்ட கணித மேதை ஆலன் டூரிங்கின் முன் இருந்த வழிகள் இரண்டு: சிறை, இல்லையென்றால் பெண் ஹார்மோன். ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற அந்த ஹார்மோனை ஓராண்டு ஏற்றுக்கொண்டார், மார்பு பெருத்தது. ஒரே 'நோய்'க்கு ஓரிடத்தில் ஆண் ஹார்மோன், இன்னோரிடத்தில் பெண் ஹார்மோன்! காய்ச்சலுக்கு எவராவது இப்படி வைத்தியம் பார்த்தால் பதிவையே பறித்திருப்பீர்கள்.

வளர்ந்தவர் உடலில் டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோன் ஆசையின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த ஆசை யார்மேல் என்பது அதன் கையில் இல்லை. கருவில் ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டா என்ற ஆராய்ச்சி தாராளமாக நடக்கட்டும். மரபணுவிலும் தேடிப் பார்த்தார்கள்: 2019-இல் நாலே முக்கால் லட்சம் பேரின் மரபணுக்களை அலசியவர்களுக்கும் இதுதான் காரணம் என்று ஒற்றை மரபணு எதுவும் அகப்படவில்லை. நாளைக்கே காரணம் தெரிந்தாலும், நோயே இல்லாத ஒன்றுக்கு மருந்து எதற்கு?

சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தலையிட்ட பிறகு, பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று 2022-இல் மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதினீர்கள். நல்லது. பெண்களின் தன்பால் உறவை இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் வைத்த தடயவியல் மருத்துவப் பாடத்திட்டத்தை 2024-இல் வெளியிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றதும் நீங்கள்தான். உங்கள் மாணவர்கள் எந்தக் கையெழுத்தை நம்புவது?

ஹார்மோன் ஊசி, மாத்திரை, ஈர்ப்பை 'கண்டுபிடிக்க' எழுதப்படும் ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி அந்தத் தடைக்குள் கொண்டுவாருங்கள். புகார் தர வேண்டியவர் பல நேரம் பெற்றோர் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை. வீட்டுக்குக் கடிதம் போகாமல் அந்தப் புகாரை விசாரிக்க ஒரு வழி செய்யும்படி மாநில கவுன்சில்களுக்கு உத்தரவிடுங்கள்.