எழுத்தைப் பிடிச்சா பேச்சு வரும்!

கணவர் வேலைக்காக பாங்காக் வந்த புதிதில், தாய்லாந்து மொழியை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து உருப்போட்டேன். ஒருநாள் மகளுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டேன். 'க்லை' என்றார் கடைக்காரம்மா. பக்கம்தானே என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்... வெயிலில் நடந்துகொண்டே இருந்தேன்!

குரலை மேலிருந்து இறக்கிச் சொன்னால்தான் 'பக்கம்'. சமமாகச் சொன்னால் 'தூரம்'! இப்படி 5 வகைக் குரல். அந்த மொழி எழுத்திலேயே அது தெரியும். என் ஆங்கிலக் குறிப்பில் தொலைஞ்சு போச்சு.

அப்புறம்தான் 44 மெய்யெழுத்தையும் படிக்க உட்கார்ந்தேன். இடையிடையே சில எழுத்து கூடுதல். மற்றபடி நம்ம க, ங, ச, ஞ வரிசைதான். முன்னால் போடும் கொம்புகூட உண்டு! கடைக்காரம்மாவிடம் வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டேன்.

வெளிநாடு போகும் தோழிகளே, "பேசினா போதும், எழுத்து எதுக்கு?" என்பவர்களை நம்பாதீங்க!

- ஒரு இல்லத்தரசி, பாங்காக்