உடைபடும் பெட்டிகள்

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிக்கும் அன்பர்களிடையே ‘பிரேக்’ என்றொரு நூதன வழக்கம் இப்போது பிரபலமாயிருக்கிறது. வியாபாரி ஒருவர் பிரிக்கப்படாத பெட்டிகளை மொத்தமாக வாங்கி, மேஜர் லீகின் 30 அணிகளையும் 30 பங்குகளாக விற்று, காமிராவின் முன்னே உறைகளை ஒவ்வொன்றாகக் கிழித்து, எந்த அணியின் அட்டை வருகிறதோ அதை அந்த அணிக்குப் பணம் கட்டியவருக்கு அனுப்பிவைக்கிறார். டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட மிக்கி மாண்டில் என்ற வீரரின் அட்டையொன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போன பிறகு, ஆசைக்கு அணை போடுவது யாருக்குத்தான் சாத்தியம்? பணம் கட்டியும் உருப்படியாக ஓர் அட்டை கிடைக்காமல் வெறுங்கையோடு எழுந்து போகிறவர்கள் உண்டாகையால், இதைச் சூதாட்டத்தின் பங்காளி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆயினும், வியாபாரியின் விரல்கள் அட்டைக் கட்டை மெல்ல நகர்த்துகையில், ஓரத்தில் மினுமினுக்கும் கீற்றொன்று தென்பட்டதும், ஒருவரையொருவர் முகமறியாத அத்தனை பேரும் ஒருசேர மூச்சை அடக்கிக்கொள்கிறார்களே, அந்த க்ஷணநேர சிநேகத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். கேளிக்கைக்கென்று ஒதுக்கிய பணத்தோடு அமர்பவருக்கு இது விநோதம். முதலீடு என்ற பிரமையோடு அமர்பவருக்கோ விபரீதம். பிரியமான வீரரின் அட்டைதான் வேண்டுமென்றால், அதைத் தனியே விலைக்கு வாங்கிவிடுவதே உத்தமம்.