துப்பாக்கி முனையில் ஒரு பொட்டு

ஆவடி என்றதும் பெரியவர்களுக்கு 1955-ம் வருஷத்துக் காங்கிரஸ் மகாசபை ஞாபகம் வரும். பிள்ளைகளுக்கு டாங்கித் தொழிற்சாலை ஞாபகம் வரும். பக்கத்து ஊரான அம்பத்தூரில் வாசம் செய்யும் எங்களுக்கோ முதலில் ஞாபகம் வருவது காக்கிச் சட்டைதான். சிறப்புக் காவற்படை அணிகளும், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாமும் அங்கே இருக்கின்றன. ஆகையால் ரயிலிலும் கறிகாய்க் கடையிலும் துப்பாக்கி பிடித்த கைகளோடு நாங்கள் தினந்தோறும் தோள் இடித்துக்கொண்டுதான் நிற்கிறோம்.

ஆவடியில் உருவாகும் அர்ஜுன் டாங்கிக்கு இருட்டிலும் உஷ்ணத்தைக் கொண்டு உருவத்தைக் காட்டும் கருவி உண்டு. லேஸர் ஒளியால் தூரத்தை அளந்து சொல்லும் யந்திரமும் உண்டு. தெரு முனையில் நிற்கும் சப்-இன்ஸ்பெக்டரின் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கிக்கு இத்தனை பாக்கியம் கிடையாது. குழாயின் நுனியில் அரிசி முனை போல் நிமிர்ந்து நிற்கும் ஓர் இரும்புத் துண்டு. பின்புறத்தில் ஒரு சிறு பிளவு. அவ்வளவே அதன் திருஷ்டி. கவாத்து மைதானத்தில் முன்னதை 'ஃபோர்சைட்' என்பார்கள். நாம் முன் குறி என்று சொல்லலாம். அந்த முன் குறிக்கு வர்ணம் பூசலாமா, பூசினால் எந்த வர்ணம் என்பதுதான் இந்த வாரத்து விஷயம். வீட்டில் எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் இது எதற்கு என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இதில் முக்கால் பங்கு கண்ணைப் பற்றிய சமாசாரம்.

கைத்துப்பாக்கியை நீட்டிக் குறி பார்க்கிறவன் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும்: பின் பிளவு, முன் குறி, இலக்கு. ஆனால் மனிதக் கண் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தில் உள்ள பொருளைத்தான் கூர்மையாகக் காணும். மூன்றில் இரண்டு மங்கித்தான் தீரும். எதை மங்கவிடுவது? புதிதாகத் துப்பாக்கி பிடிக்கிற எவனும் இலக்கையே உற்றுப் பார்ப்பான். அது தவறு என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். இரண்டு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் சாதாரணமாக 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிளவின் நடுவிலிருந்து முன் குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தூரத்தில் குண்டு 16 சென்டிமீட்டருக்கு மேல் விலகிப் போகும். குறிகள் இரண்டும் ஒழுங்காக இருந்து, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தாலோ, குண்டும் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். ஆகவே இலக்கு மங்கினாலும் பாதகமில்லை, முன் குறி மங்கக் கூடாது. எட்டாம் வகுப்புப் பையனுக்கு வடிவொத்த முக்கோணங்களை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில்தான் சொல்ல முடிவதில்லை!

சந்தைக் கூட்டத்தில் அந்த 16 சென்டிமீட்டருக்குள் யார் நிற்பார் என்பதை எண்ணிப் பார்த்தால் எள்ளளவு வர்ணத்தின் விலை தெரியும்.

இரும்புக் குறி கறுப்பு நிறம். அந்தி வேளையில், கறுப்புச் சட்டை அணிந்தவன் மீதோ இருண்ட சந்தின் மீதோ அதை நீட்டினால், குறி இருக்குமிடமே தெரியாமல் கரைந்துவிடும். அதற்காகத்தான் முதுகுப் புறத்தில், அதாவது சுடுகிறவனின் கண்ணை நோக்கிய முகத்தில், ஒரு பொட்டு வைக்கிறார்கள். நம் நாட்டுக் கமாண்டோப் படைகள் சிலவற்றில் உள்ள கிளாக் துப்பாக்கிக்குத் தொழிற்சாலையிலேயே முன்னால் வெள்ளைப் பொட்டும் பின்னால் வெள்ளை வளைவும் இட்டு அனுப்பி விடுகிறார்கள். வேட்டைக்காரர்கள் இரவில் குழாய் முனையில் சுண்ணாம்போ பஞ்சோ வைத்துக்கொண்டதும் இதே யுக்திதான். வங்கி வாசலில் காவலர் வைத்திருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியின் நுனியில் பித்தளை மணி ஒன்று மின்னுவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். எந்த வர்ணம் சிறந்தது என்று அவரிடம் கேட்டேன்.

"சிவப்பு மட்டும் வேண்டாம், வாத்தியார் ஐயா. பகலில் ஜோராக இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் காலை வாரி விடும்" என்றார்.

அவர் அனுபவத்தில் கண்டதை 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் புர்க்கின்யே என்ற செக் தேசத்து உடற்கூறு அறிஞர் பூக்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். பொழுது சாயும்போது கண்ணின் செந்நிற உணர்ச்சிதான் முதலில் குறைகிறது. நம் வீட்டுச் செம்பருத்தியைப் பாருங்கள். மாலை ஆறரை மணிக்குப் பூ கறுத்துவிடும். இலை இன்னும் தெரியும். பக்கத்தில் உள்ள மல்லிகை அதற்குப் பின்னும் வெகுநேரம் தெரியும். நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்கு அதிகப் பிரகாசமாகத் தோன்றுவது மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். அதனால்தான் பலர் எலுமிச்சைப் பச்சையை விரும்புகிறார்கள். வெறும் வெள்ளையும் மோசமில்லை.

பூசும் முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதலில் துப்பாக்கி காலியா என்று ஒரு முறைக்கு இரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் வர்ணம் நாலு நாளில் உரிந்துவிடும். பளிச்சென்ற நிறங்கள் ஒளி ஊடுருவும் தன்மை உள்ளவை ஆதலால், அடியில் வெள்ளை பூசி, அது காய்ந்த பின்னரே மேல் வர்ணம் இட வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சாக அப்பாமல், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுவது நல்லது. குறியின் மேல் விளிம்பு கத்தி போல் நேராக இருக்க வேண்டும். வர்ணம் வழிந்து அங்கே உருண்டுவிட்டால் உயரம் தப்பிவிடும். நகத்திற்குப் பூசும் சாயமே இதற்குப் போதுமென்று பலர் அதையே உபயோகிக்கிறார்கள். சர்க்கார் துப்பாக்கியானால் ஆயுதக் கிடங்கு அதிகாரியைக் கேளாமல் சிப்பாய் தன் இஷ்டத்துக்குத் தூரிகை எடுப்பது முறையல்ல என்று ஹவில்தார் கண்டிப்பாகச் சொன்னார்.

இனி, இதற்கு நேர் எதிரான கட்சியும் ஒன்று உண்டு. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பந்தயத்தில் மனு பாக்கர் வெண்கலப் பதக்கம் பெற்றது நினைவிருக்கும். அந்தப் பந்தயத்தில் நடு வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான். பின்னணி வெள்ளைக் காகிதம், வெளிச்சமோ ஒரே சீரானது. அங்கே பொட்டு வைத்தால் கூசும்; விளிம்பு மங்கும். கன்னங்கரேலென்ற குறிதான் வேண்டும். மேல்நாட்டுப் பந்தயக்காரர்கள் முற்காலத்தில் கற்பூரத்தைக் கொளுத்தி, அந்தப் புகையில் குறியைக் காட்டிக் கரி படியச் செய்வார்களாம். நம் பாட்டிமார் மை கூட்டிய சாஸ்திரமேதான்! புதுக்கோட்டை அரச பரம்பரையில் வந்த பிருத்விராஜ் தொண்டைமானின் ஆட்டமோ இன்னொரு தினுசு. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் அந்தப் பந்தயத்தில் கண் தட்டின் மேலேயே இருக்க வேண்டும். முனை மணியைப் பார்த்தவன் தட்டைக் கோட்டை விடுவான். ஆக, கறுப்பா வெள்ளையா என்று வீண் சண்டை போடுகிறவர்கள் எங்கே, எந்த வெளிச்சத்தில், எதற்காகச் சுடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இருட்டில் தானே ஒளிவிடும் பூச்சு நல்லதல்லவா என்று சிலர் கேட்கலாம். அதற்கு ஒரு துயரமான சரித்திரம் உண்டு. முதல் உலக யுத்தத்தில் ரேடியம் கலந்த பூச்சைத் துப்பாக்கிக் குறிகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் இட்டார்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்துத் தொழிற்சாலை ஒன்றில் 1917 முதல் கடிகார முகங்களுக்கு இதைப் பூசிய இளம் பெண்கள், தூரிகையின் நுனியைக் கூராக்க உதட்டில் வைத்து எடுத்தார்கள். ரேடியம் எலும்பில் போய்த் தங்கித் தாடையை அரித்தது, பலர் மாண்டார்கள். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசமாக முடிந்தது. இப்போது குறிகளில் வைப்பது டிரிடியம் வாயு அடைத்த நுண்ணிய கண்ணாடிக் குழல். அதன் வீரியம் சுமார் 12 வருஷத்தில் பாதியாகிவிடும். பழைய குறி மங்கித் தெரிந்தால் துப்பாக்கியைக் குறை சொல்லக் கூடாது. நம்மூர் நம்பர் பலகைக் கடைகளில் 'ரேடியம்' என்று விற்கிறார்களே, அதில் ரேடியம் கடுகளவும் இல்லை. எதிரே வரும் விளக்கொளியைத் திருப்பி அனுப்பும் காகிதம் அது. இருட்டில் அதைக் குறியில் ஒட்டிப் பயனில்லை.

இவ்வளவும் கண் சரியாக இருந்தால். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, உங்கள் உபாத்தியாயரையும் சேர்த்துத்தான், வெள்ளெழுத்து என்னும் சாளேசுரம் வந்து கதவைத் தட்டுகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி, கிட்டத்தில் உள்ளது மங்குகிறது. நீட்டிய கையின் நுனியில் இருக்கும் குறியும் அதில் அகப்பட்டுக்கொள்ளும். எத்தனை பளபளப்பான வர்ணம் பூசினாலும், மங்கிய கண்ணுக்கு அது பளபளப்பான புகையாகத்தான் தெரியும். புத்தகம் படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ஆயிற்றென்று நினைப்பவர்கள் உண்டு, அது சரிப்படாது. அந்தக் கண்ணாடி சுமார் 40 சென்டிமீட்டருக்கு ஏற்றது. துப்பாக்கி முனையோ அதைவிட ஒரு சாண் அப்பால் நிற்கிறது. அதற்குச் சற்றுக் குறைந்த சக்தியுள்ள கண்ணாடி வேண்டும். துப்பாக்கியோடு வேலை செய்கிறவர்கள் வைத்தியரிடம் போகும்போது, கையை நீட்டிக் கண்ணிலிருந்து முனை வரையில் உள்ள தூரத்தை ஒரு நூலால் அளந்து, அந்த நூலை எடுத்துக்கொண்டு போவது உத்தமம். தையல் யந்திரத்தில் உட்காருகிறவர்களுக்கும் வீணை வாசிக்கிறவர்களுக்கும் இந்த நூல் உபாயம் பயன்படும்.