சத்திரம் இல்லாத சாலை

எங்கள் புதுச்சத்திரத்தில் உலக விவகாரங்கள் எல்லாம் சேலம் - நாமக்கல் சாலையோர டீக்கடை பெஞ்சில்தான் அலசப்படும். போன ஞாயிற்றுக்கிழமை காலை அந்த பெஞ்சுக்கு வடதுருவமே வந்துவிட்டது.

கொண்டுவந்தவன் ப்ளஸ் டூ படிக்கும் பையன். எங்கள் தெருவில் முப்பது வருஷம் லாரி ஓட்டி ஓய்ந்த டிரைவர் அண்ணனின் மகள் வயிற்றுப் பேரன். கப்பல் படிப்புக்கு நுழைவுத்தேர்வு எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக வீட்டில் மல்லுக்கட்டுகிறான். அவன் அம்மாவுக்கு அரை மனசு. அப்புச்சி சரி என்று சொன்னால் சரி என்று முடிவாகியிருக்கிறது. அப்புச்சியோ இதுவரை வாயே திறக்கவில்லை.

"மாமா, இதைப் பாருங்க" என்று என்னிடம் போனை நீட்டினான். ரஷ்யாவின் தலைக்கு மேலே, பனிக்கடல் வழியாக ஒரு கோடு. "வடக்குக் கடல் பாதை. ஜப்பான்ல இருந்து ஐரோப்பாவுக்கு சூயஸ் வழியா போனா ஏறக்குறைய 11,000 கடல்மைல். இப்படிப் போனா 7,500-க்குள்ள முடிஞ்சிடும். மூணுல ஒரு பங்கு மிச்சம்! அப்புறம் எதுக்கு எல்லா கப்பலும் சுத்திப் போகுது?"

போனை வாங்கிப் பார்த்த அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. "மேல ஏறி எறங்கினா தூரம் கூடத்தானே செய்யும்?"

கேள்வி நியாயமானதுதான். நாம் பள்ளியில் பார்த்த தட்டையான உலகப் படம் செய்த வேலை அது. உருண்டையை விரித்துத் தட்டையாக்கும்போது துருவப் பக்கத்து நாடுகள் இழுபட்டுப் பெரிதாகிவிடும். படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா அதைவிடச் சுமார் 14 மடங்கு பெரியது.

நாமக்கல் மாவட்டத்தில் பூகோளம் சொல்லித்தர உருண்டைக்கா பஞ்சம்? கடைக்காரரிடம் ஓர் அவித்த முட்டை வாங்கினேன். கூரான முனைதான் வடதுருவம். முனைக்குக் கொஞ்சம் கீழே ஒரு பக்கம் பேனாவால் புள்ளி வைத்தேன், அது ஜப்பான். எதிர்ப்பக்கம் இன்னொரு புள்ளி, அது ஐரோப்பா. ஒரு நூலை முட்டையின் இடுப்பைச் சுற்றிப் பிடித்தேன். பிறகு அதே நூலை முனையை ஒட்டி மேலாகப் பிடித்தேன். நூல் மிச்சமானது. "அட, ஆமா" என்றார் அண்ணன்.

நம் தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பா போக மட்டும் இந்தக் கணக்கு உதவாது. நாம் இருப்பது முட்டையின் இடுப்பருகே. வடக்குப் பாதையைப் பிடிக்க முதலில் ஜப்பானைத் தாண்டி மேலே ஏற வேண்டும். அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளுக்குத்தான் இது குறுக்கு வழி.

பையன் விளக்கி முடித்ததும் அண்ணன் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"சரி கண்ணு. நடுவழியில வண்டி படுத்துக்கிச்சுன்னா யாரு வருவாங்க?"

பையனிடம் பதில் இல்லை. அண்ணன் அவர் கதையைச் சொன்னார். தொண்ணூறுகளில் ஒரு மே மாதம், கொல்கத்தாவுக்கு முட்டை லோடு. ஒடிசாவில் யாரோ குறுக்கு வழி ஒன்று காட்டியிருக்கிறார்கள். 60 கிலோமீட்டர் மிச்சம், டீசல் காசு கைக்கு வரும் என்று வண்டியைத் திருப்பிவிட்டார். ராத்திரி, ஆள் அரவமற்ற இடத்தில் ஆக்ஸில் உடைந்தது. கிளீனர் பையன் விடியும்வரை நடந்துதான் ஓர் ஊரைக் கண்டுபிடித்தான். மெக்கானிக் வந்து சேர மூன்று நாள். வெயிலில் முட்டை அத்தனையும் நாறிவிட்டது.

"அந்த மூணு நாளும் ஒரு வீட்டுக்காரம்மா சோறு போட்டுச்சு தம்பி. அவங்க ஊர்லயும் நம்மளாட்டம் பழைய சோறுதான். தூரம் கம்மியா இருந்தா ரோடு ஆயிருமா? நின்னா கேட்க ஆளு இருக்கோணும். அதுக்குப் பேருதான் ரோடு."

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வடக்குப் பாதையைப் பற்றி நான் படித்திருந்ததை எல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்து மறுபடி புரட்டிப் பார்த்தேன்.

2021 மார்ச் 23. எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியது நினைவிருக்கும். அதில் இருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். உலக வணிகமே அலறியது. ஆனால் கரையில் பொக்லைன் வந்து மண்ணை வெட்டியது, இழுவைப் படகுகள் வந்து இழுத்தன, ஆறு நாளில் கப்பல் மிதந்துவிட்டது. டீக்கடை வாசலில் பஞ்சர் ஆன மாதிரிதான்.

அதே ஆண்டு நவம்பரில் ரஷ்யாவின் வடக்குக் கடலில் பனி வழக்கத்தைவிட முன்கூட்டியே இறுகிவிட்டது. ஏறக்குறைய இருபது கப்பல்கள் அகப்பட்டுக்கொண்டன. அவற்றை விடுவிக்கப் பனி உடைக்கும் கப்பல்கள் வந்து சேரும்வரை காத்திருப்பதைத் தவிர வழி இருக்கவில்லை. அங்கே அந்தக் கப்பல்கள்தான் ரோடு போடும் இயந்திரம், ஆம்புலன்ஸ், ரெக்கவரி வண்டி எல்லாம். அணுசக்தியில் ஓடும் பனி உடைப்புக் கப்பல்கள் ரஷ்யாவிடம் மட்டுமே உண்டு.

வடதுருவக் கடலில் போகும் கப்பல்களுக்கென்று 2017 ஜனவரி 1 முதல் சர்வதேச விதிமுறை ஒன்று அமலில் இருக்கிறது. துருவ விதித் தொகுப்பு என்று பெயர். ஆபத்து என்றால் உதவி வந்து சேர 5 நாளாவது ஆகும் என்று வைத்துக்கொண்டு, அதுவரை உயிர் பிழைக்கத் தேவையான ஏற்பாடுகள் கப்பலில் இருக்க வேண்டும் என்கிறது அது. நம் நெடுஞ்சாலையில் 108-க்குப் போன் போட்டு அரை மணி நேரம் தாமதமானால் கொதித்துப்போகிறோம். அங்கே சட்டமே ஐந்து நாள் என்று கணக்குப் போட்டிருக்கிறது.

2018-ல் வென்டா மேர்ஸ்க் என்ற கப்பல் இந்தப் பாதையில் போன முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் ஆனது. உறைந்த மீனை ஏற்றிக்கொண்டு ஆகஸ்ட் கடைசியில் விளாடிவாஸ்டாக்கில் கிளம்பி, செப்டம்பர் இறுதியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த நிறுவனம் இதை வழக்கமான பாதைக்கு மாற்றாக இப்போதைக்குக் கருதவில்லை என்று சொல்லிவிட்டது. வருஷத்தில் சில மாதம் மட்டும் திறக்கும் பாதை அது. எந்தத் தேதிக்குச் சரக்கு சேரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

2023-ல் சூயஸ் வழியாக 26,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போயின. அந்த ஆண்டுக் கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும், பல கப்பல் கம்பெனிகள் ஆப்பிரிக்காவையே சுற்றிப் போனதை நாம் பார்த்தோம். பத்துப் பதினைந்து நாள் கூடுதல். கரூர், திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு அந்த வாடகைச் சுமை தெரியும். அப்போதும் அவர்கள் பனிக்கடல் பக்கம் திரும்பவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றினால் தூரம் அதிகம். ஆனால் வழியெல்லாம் துறைமுகம் உண்டு.

எங்கள் ஊர்ப் பெயரைச் சற்றே யோசித்துப் பாருங்கள். புதுச்சத்திரம். கடலூர்ப் பக்கமும் ஒரு புதுச்சத்திரம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம் இருக்கிறது. ஊர் உண்டாகி, பிறகு சாலை வந்ததல்ல. சாலையில் நடந்தவர்களுக்காகச் சத்திரம் வந்தது, சத்திரத்தைச் சுற்றி ஊர் வந்தது. தலைச்சுமையை ஆள் துணை இல்லாமல் இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கிக் கல், குடிக்க ஒரு கிணறு, நிழலுக்கு ஒரு புளியமரம், படுக்க ஒரு திண்ணை. இவை எல்லாம் சேர்ந்ததைத்தான் நம் முன்னோர் வழி என்றார்கள். எங்கள் ஊர் வழியாகப் போகும் இன்றைய 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிறது. தாபாவும் பஞ்சர் கடையும் இல்லாமல் அதை வெறும் தாராகக் கற்பனை செய்து பாருங்கள். அதுதான் வடக்குக் கடல் பாதை.

அப்படியானால் அந்த வடக்கில் சத்திரமே இல்லையா? ஒன்று உண்டு. அதில் நமக்கும் ஓர் அறை இருக்கிறது.

நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகள். அங்கே நி ஓலசுண்ட் என்ற குட்டி ஊர், ஏறக்குறைய 79 டிகிரி வடக்கில். புதுச்சத்திரம் 11 டிகிரியில் இருக்கிறது. 1962-ல் நடந்த பெரிய விபத்துக்குப் பின் மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்க ஊர் அது. இன்று பல நாட்டு ஆய்வாளர்கள் கூடித் தங்கும் இடம். 2007-ல் இந்தியாவிலிருந்து முதல் குழு போனது. 2008 ஜூலை 1-ல் 'ஹிமாத்ரி' என்ற நம் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் அதை நடத்துகிறது. 2023 டிசம்பரில், சூரியனே எட்டிப் பார்க்காத குளிர்கால இருட்டிலும் தங்கி ஆய்வு செய்ய முதல் இந்தியக் குழு புறப்பட்டது.

அந்த ஊரில் இரண்டு வழக்கங்கள். ஒன்று, செல்போன் சிக்னல், வைஃபை, புளூடூத் எதுவும் கூடாது. விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளை அங்குள்ள கருவிகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. அங்கே வீட்டுக் கதவுகளைப் பூட்டுவதில்லை. தெருவில் பனிக்கரடி வந்துவிட்டால், யார் வேண்டுமானாலும் எந்தக் கதவையும் திறந்து உள்ளே ஓடிவிடலாம். ஒடிசாவில் சோறு போட்ட அந்த அம்மாவும் கதவைப் பூட்டி வைத்திருக்கவில்லை.

வடக்குப் பாதை திறக்கிறது என்ற செய்தியில் நாம் சந்தோஷப்பட முடியாத இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பாதையை யாரும் வெட்டவில்லை. பனி உருகித் திறக்கிறது. 1980-களில் செப்டம்பர் மாதம் அந்தக் கடலில் மிஞ்சிய பனிப்பரப்பு சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இரண்டு இந்தியா. 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம், ஒரே ஓர் இந்தியா. வெள்ளைத் துண்டு வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் குடை வெயிலைக் குடிக்கும். பனி வெள்ளைத் துண்டு. பனி போனால் கருநீலக் கடல் வெயிலைக் குடித்து இன்னும் சூடாகும், இன்னும் பனி உருகும்.

அது எங்கோ நடக்கும் சமாசாரம் என்று தள்ள முடியாது. கோடையில் காரா கடலில் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பரில் கொட்டித் தீர்க்கும் கனமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவா மைய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எந்த மாதம் மழை, எந்த மாதம் அறுவடை என்ற கணக்கை நம்பித்தான் மானாவாரியில் கடலை போடுகிறவன் பிழைக்கிறான். காரா கடல் என்பது வேறெங்கும் இல்லை, பையன் காட்டிய கோட்டின் மேலேயே இருக்கிறது.

புதன்கிழமை மாலை இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பையனும் இருந்தான். இப்போது அவனும் சும்மா வரவில்லை. துருவக் கடலில் கப்பல் ஓட்டும் அதிகாரிகளுக்குத் தனிப் பயிற்சி, தனிச் சான்றிதழ் கட்டாயம் என்று படித்து வந்திருந்தான். சென்னையிலிருந்து விளாடிவாஸ்டாக்குக்கு நேர்க் கப்பல் பாதை ஒன்றுக்கு 2019-ல் இரு நாடுகளும் கையெழுத்திட்டதையும் சொன்னான். சுமார் 5,600 கடல்மைல். சரக்கு 24 நாளில் சேரும் என்பது கணக்கு.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கதவு பூட்டாத ஊரைப் பற்றி மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு பேரன் பக்கம் திரும்பி, "அந்தப் பரீச்சைக்கு எவ்வளவு பணம் கட்டோணும் கண்ணு?" என்றார்.

பையன் தொகையைச் சொன்னான். அண்ணன் வேட்டி மடிப்பில் கையை விட்டார்.