கைக்கேற்ற விசை

தங்காக் என்றதும் லேடாங் மலையும் துணிக்கடைகளும் நம் நினைவுக்கு வரும். அங்குத் துணி வாங்கும் எவரும் கடைக்காரரின் அளவுக்குச் சட்டை தைத்துக் கொள்வதில்லை. தம் உடலின் அளவையே தையற்காரரிடம் கொடுக்கின்றனர். இந்த எளிய நியாயத்தைப் பார்வையற்ற மாணவரின் கணினிக்கு மட்டும் நாம் ஏன் மறுக்கிறோம்?

பார்வையற்றவர் இணையத்தைச் செவியால் படிக்கிறார். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும் திரைவாசிப்பான் அவருக்குத் துணை. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-ஆம் ஆண்டில் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. அதில் ‘எச்’ விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், ‘கே’ விசையை அழுத்தினால் அடுத்த இணைப்புக்கும் தாவலாம். இன்செர்ட் விசையோடு எஃப்7 விசையை அழுத்தினால், பக்கத்தின் இணைப்புகளும் தலைப்புகளும் பட்டியலாக வந்து நிற்கும்.

ஆயினும் எல்லாக் கைகளும் ஒன்றல்ல. ஒரு கை வலுவிழந்த மாணவருக்கு இரு விசைகளைச் சேர்த்து அழுத்துவதே பெரும்பாடு. சிறிய மடிக்கணினியில் இன்செர்ட் விசை எங்கோ ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். இதற்கு வழியில்லையா? உண்டு. இன்செர்ட்டுக்குப் பதிலாகக் கேப்ஸ்லாக் விசையைத் தேர்ந்து கொள்ளலாம். விருப்ப அமைப்புகளில் வேண்டிய கட்டளையைத் தேடி, அதற்குத் தம் கைக்கு எட்டும் விசையைச் சூட்டலாம்.

“பொதுக் கணினியில் ஆளுக்கொரு மாற்றம் செய்தால் குழப்பம் வராதா?” என்பர் சிலர். வராது. என்விடிஏவின் படியொன்றை விரலளவு நினைவகத்தில் ஏற்றி, தம் விசைகளோடு கையில் எடுத்துச் செல்லலாம். தவறு நேர்ந்தால் பழைய அமைப்புக்கே மீளவும் வழியுண்டு. “பக்கத்தில் ஒருவர் படித்துக் காட்டினால் போதாதா?” என்பர் வேறு சிலர். அது இரக்கம், கல்வியன்று. பிறர் வாயை எதிர்பார்த்திருப்பவன் தான் விரும்பியதைத் தேடிப் படிக்க இயலுமா?

விசைப்பலகை மாறக் கூடாத வேதமன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, ஆங்கிலத்துக்கென அமைந்த தட்டச்சுப் பொறியைத் தமிழுக்கு இசைய மாற்றினார். அன்று மொழிக்காகச் செய்ததை இன்று மனிதனுக்காகச் செய்யத் தயங்குவது தகுமா?

விசையை மாற்றுவதோடு கடமை முடிந்துவிடாது. நாம் இணையத்தில் இடும் பாடங்களில் தலைப்பைத் தடித்த எழுத்தால் மட்டும் காட்டிவிட்டால், ‘எச்’ விசை அதைக் கண்டுகொள்ளாது. தலைப்பு என்றே முறையாகக் குறிக்க வேண்டும். நூற்பக்கத்தை வெறும் படமாக ஏற்றினால், திரைவாசிப்பான் அதன் முன் ஊமையாகி நிற்கும். வீட்டிற்குள் படிக்கட்டே இல்லையெனில், வாயிற்கதவைத் திறந்துவிட்டு என்ன பயன்?

மாற்றுத்திறனாளிகள் தகவலையும் தொழில்நுட்பத்தையும் அடையும் உரிமையை மலேசியாவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுள்ளது. சட்டம் ஏட்டில் உறங்கலாமா? தமிழாசிரியப் பெருமக்களே, பார்வையற்ற மாணவர் உங்கள் வகுப்பில் அமர்ந்தால், “இந்த விசையைப் பழகிக்கொள்” என்று ஆணையிடுமுன், “உன் கைக்கு எது எளிது?” என்று கேளுங்கள். மாணவர்களே, உங்கள் தோழருக்குப் படித்துக் காட்டும் நேரத்தில் ஒரு பகுதியை, அவர் தாமே படிக்கும் வழியை அமைத்துத் தருவதில் செலவிடுங்கள். மனிதனுக்காகவே கருவி, கருவிக்காக மனிதன் அல்லன்.