கொடுப்பதிலும் தாழ்ச்சி வேண்டும்

தாழ்ச்சி என்னும் புண்ணியத்தைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். தலை குனிந்து நடப்பதும், மெல்லப் பேசுவதும், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொள்வதுமே தாழ்ச்சி என நாங்கள் எண்ணியிருந்தோம். தவக்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி எங்கள் கண்களைத் திறந்தது.

எங்கள் வகுப்பு மாணவியர் ஒன்றுசேர்ந்து, நல்ல நிலையிலிருந்த உடைகளைச் சேகரித்து, விடுதியில் தங்கிப் படிக்கும் ஏழைத் தங்கையருக்குக் கொடுத்தோம். நற்செயல் புரிந்துவிட்டோம் என்ற பெருமை எங்களுக்கு! அடுத்த ஞாயிறு ஒரு சிறுமி நீலப் பாவாடை உடுத்திக் கோவிலுக்கு வந்தாள். "அது என்னுடைய பாவாடை!" என்றாள் எங்களுள் ஒருத்தி. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்; சிலர் சிரித்தோம். அது அச்சிறுமியின் காதில் விழுந்துவிட்டது. அதன்பின் அவள் அந்தப் பாவாடையை உடுத்தவே இல்லை.

நம் கை கொடுத்ததை நம் நாவே பறித்துக்கொண்டது அன்றோ?

பெரிய வியாழனன்று நம் ஆண்டவர் செய்ததை நினைத்துப் பார்ப்போம். அவர் மேலாடையைக் கழற்றிவைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவினார். அக்காலத்தில் அது பணியாளர் செய்யும் வேலை. அங்கே குனிந்தவர் ஆண்டவரே. நாங்களோ கொடுத்தோம், ஆனால் வாங்கியவளைக் குனிய வைத்துவிட்டோம்.

சிறுமலர் என்று நாம் அழைக்கும் புனித குழந்தை தெரேசாள், 1888ஆம் ஆண்டில், நம் வயதாகிய பதினைந்தில், பிரான்சு நாட்டு லிசியே நகரிலுள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தார். அங்கே நோயுற்ற முதிய சகோதரி ஒருவரை ஒவ்வொரு மாலையும் உணவறைக்கு அழைத்துச் செல்வார். வேகமாக நடந்தாலும் குறை. மெதுவாக நடந்தாலும் குறை! ஆயினும் தெரேசாள் முகம் சுளிக்கவில்லை. அம்முதியவரின் கைகள் ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைக் கண்டு, அவர் கேளாமலே வெட்டிக் கொடுத்து, புன்னகையோடு விடைபெறுவார். துணி துவைக்கும்போது எதிரிலிருந்த சகோதரி அறியாமல் அழுக்கு நீரைத் தம் முகத்தில் தெறித்தபோதும், அவர் மனம் நோகாதபடி பொறுத்துக்கொண்டார். 24 வயதில் மரித்த இவர் பெரிய காரியம் எதையும் செய்யவில்லை என்றே உலகம் நினைத்திருக்கும். திருச்சபையோ 1925இல் அவரைப் புனிதராக உயர்த்தியது.

ஆகவே தாழ்ச்சி என்பது நம்மைப் பற்றிக் குறைவாகப் பேசுவதன்று. பிறர் நம் முன் தம்மைக் குறைவாக எண்ணாதபடி நடந்துகொள்வதே என்பது எங்கள் கருத்து.

நாங்கள் அச்சிறுமியிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை அக்கா" என்றாள். ஆனால் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் எங்கள் உள்ளத்தில் இருக்கிறது.

அன்புத் தோழியரே! இனி நாம் கொடுப்பவற்றைத் துவைத்து, மடித்து, யார் கொடுத்தது என்று சொல்லாமல் சிஸ்டரிடம் ஒப்படைப்போம். பிறகு அவற்றை எங்கே கண்டாலும், "உனக்கு அழகாக இருக்கிறது, தங்கையே" என்று மட்டும் சொல்வோம். அப்போது அவள் தலைநிமிர்ந்து நடப்பாள், ஆண்டவரும் மகிழ்வார்.